பாகூருக்கு மூன்று ஓட்டு பாக்கி

எங்கள் பாகூரில் முப்பத்தைந்து வயது ஆள் ஒருவரை நிறுத்தி, “உங்க ஊர்ப் பஞ்சாயத்துத் தலைவருக்குக் கடைசியா எப்போ ஓட்டுப் போட்டீங்க?” என்று கேட்டுப் பாருங்கள். போட்டதே இல்லை என்பார். ஓட்டுப் போடச் சோம்பல்பட்டவர் அல்லர் அவர். எம்.பி. தேர்தலுக்கும் எம்.எல்.ஏ. தேர்தலுக்கும் வெயிலில் வரிசையில் நின்றவர்தான். புதுச்சேரியில் உள்ளாட்சித் தேர்தல் கடைசியாக நடந்தது 2006இல். அப்போது அவர் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தார். அந்தத் தேர்தலில் வந்தவர்களின் பதவிக்காலம் 2011இல் முடிந்தது. அதன் பிறகு தேர்தல் இல்லை.

நமக்கு இது பழகிப்போய்விட்டது. வெளிநாட்டிலிருந்து படிக்க வந்த பிள்ளைகளுக்கு நம் தேர்தல் முறையை முதலிலிருந்து சொல்லிக்கொடுக்க உட்கார்ந்தால்தான் எவ்வளவு பெரிய இடம் காலியாகக் கிடக்கிறது என்பது உறைக்கும்.

நான் அரசுப் பள்ளியில் சமூக அறிவியல் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். ஆசிரியர் வேலை என்றால் தேர்தல் வேலையும் சேர்த்துத்தான். போலிங் ஆபீசராகவும் பிறகு பிரிசைடிங் ஆபீசராகவும் பல பூத்களில் இருந்திருக்கிறேன். 2024 மக்களவைத் தேர்தல் சமயத்தில், காலாப்பட்டில் உள்ள புதுவைப் பல்கலைக்கழகத்தில் தெற்காசிய ஆய்வு படிக்கும் மாணவர்கள் சிலரை என் பழைய மாணவி ஒருத்தி அழைத்து வந்தாள். நேபாளத்துப் பையன், பூட்டான் பையன், யாழ்ப்பாணத்துப் பெண் என்று ஆளுக்கொரு திசை. நகரத்துப் பிரசாரத்தைப் பார்த்தாகிவிட்டது, கிராமத்தில் தேர்தல் எப்படி நடக்கிறது என்று பார்க்க வேண்டும் என்றார்கள்.

மேலிருந்து ஆரம்பித்தேன். மக்களவையில் 543 இடம், அதில் புதுச்சேரிக்கு ஒன்றே ஒன்று. அந்த ஒன்றுக்குள் நாங்களும் காரைக்காலும் மட்டுமல்ல, கேரளத்துக்குள் இருக்கும் மாஹேயும், ஆந்திரத்துக்குள் இருக்கும் ஏனாமும் அடக்கம் என்று வரைபடத்தில் விரல் வைத்துக் காட்டினேன். பூட்டான் பையன் திரும்பத் திரும்பப் பார்த்தான். ஏனாம் இங்கிருந்து எண்ணூறு கிலோமீட்டருக்கு மேல். ஒரே வேட்பாளர் தமிழிலும் மலையாளத்திலும் தெலுங்கிலும் ஓட்டுக் கேட்க வேண்டும். பிரெஞ்சுக்காரன் வைத்திருந்த நான்கு துண்டு நிலம் ஒரு தொகுதியாகிவிட்டது. 2024இல் நாடு முழுக்க ஏழு கட்டம். ஏப்ரல் 19இல் எங்களுக்கு முதல் கட்டம், ஜூன் 1இல் கடைசிக் கட்டம், ஜூன் 4இல் எண்ணிக்கை. ஒன்றரை மாதம் எங்கள் ஓட்டு பெட்டிக்குள்ளேயே இருக்கும் என்றதும் அவர்களுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. அத்தனை நாளில் யாராவது மாற்றிவிட மாட்டார்களா?

நியாயமான சந்தேகம்தான். வெளிநாட்டவரை வாக்குச்சாவடிக்குள் விட முடியாது. அதனால் உள்ளே நடப்பதை என் வீட்டுத் திண்ணையில் வைத்தே சொன்னேன். காலை 7 மணிக்கு வாக்குப்பதிவு என்றால், ஐந்தரைக்கே கட்சி ஏஜென்ட்டுகள் முன்னிலையில் மாதிரி வாக்குப்பதிவு தொடங்கிவிட வேண்டும். குறைந்தது ஐம்பது ஓட்டு. எந்தச் சின்னத்துக்கு எத்தனை போட்டோம் என்று எழுதி வைத்துக்கொண்டு, மெஷின் காட்டும் கணக்கையும் விவிபாட்டில் விழுந்த சீட்டையும் ஒப்பிட வேண்டும். சரியாக இருந்தால் கணக்கை அழித்து, சீட்டுகளை எடுத்து உறையிலிட்டு, ஏஜென்ட்டுகளிடம் கையெழுத்து வாங்கி, மெஷினுக்குச் சீல் வைக்க வேண்டும். வாக்காளர் பொத்தானை அழுத்தியதும் கண்ணாடிக்குப் பின்னால் சீட்டு ஏழு நொடி நிற்கும், பிறகு விழும். மாலையில் கடைசி ஆள் போட்டு முடித்ததும் ‘குளோஸ்’ பொத்தானை அழுத்த வேண்டும். மொத்தம் எத்தனை பேர் போட்டார்கள் என்பதைப் படிவம் 17சி-யில் எழுதி, ஒவ்வொரு ஏஜென்ட்டுக்கும் ஒரு நகல் கையில் கொடுக்க வேண்டும். ஒன்றரை மாதம் கழித்து எண்ணும்போது அந்தத் தாளில் உள்ள எண்ணும் மெஷினில் உள்ள எண்ணும் ஒத்துப்போக வேண்டும். நம்பிக்கைக்குக் காரணம் மெஷின் மட்டுமல்ல, ஒருவரையொருவர் நம்பாத நாலு கட்சிக்காரர்கள் ஒரே அறையில் நாள் முழுக்க உட்கார்ந்து கையெழுத்துப் போட்ட அந்தத் தாளும்தான். நேபாளத்துப் பையன் இதைக் குறித்துக்கொண்டான்.

வாக்குப்பதிவன்று காலையில் அவர்களோடு தெருவில் நடந்தேன். நூறு மீட்டருக்கு வெள்ளைக் கோடு, இருநூறு மீட்டர் தள்ளிக் கட்சிக்காரர்களின் மேசை, பூத் ஸ்லிப் தேடிக் கொடுக்கும் பையன்கள், பேத்தியின் தோளைப் பிடித்துக்கொண்டு வரும் பாட்டிகள். சோரியாங்குப்பம் பக்கம் ஆற்றைத் தாண்டி கடலூரிலிருந்து சாராயத்துக்கு வரும் கூட்டம் அன்று இல்லை, கடைகள் எல்லாம் பூட்டு. இடது கை ஆள்காட்டி விரலில் நகத்திலிருந்து முதல் கணு வரை இழுக்கும் மை மைசூரில் தயாராவது என்று சொன்னேன். மை வைத்த விரலைக் காட்டச் சொல்லி என் விரலைப் படம் எடுத்தார்கள். பெருமையாகத்தான் இருந்தது. தொண்ணூறு கோடிக்கு மேல் வாக்காளர்கள் உள்ள நாட்டில், என் தெருக்கோடியில் உள்ள பள்ளிக்கூடத்தில் இவ்வளவு சுத்தமாக ஒரு காரியம் நடக்கிறது என்று காட்ட முடிந்ததே.

அடுத்த படி சட்டமன்றம். முப்பது தொகுதி, முப்பது எம்.எல்.ஏ. ஆனால் பேரவையில் முப்பத்து மூன்று பேர் உட்காரலாம். மீதி மூன்று பேர் மத்திய அரசு நியமிப்பவர்கள். அந்த மூவருக்கும் ஓட்டுரிமை உண்டா என்று மாணவர்கள் கேட்டார்கள். உண்டு. 2018இல் உச்ச நீதிமன்றமே அதை உறுதி செய்தது. 2021 பிப்ரவரியில் ஓர் ஆட்சி நம்பிக்கை வாக்கெடுப்பில் கவிழ்ந்தபோது அந்த மூன்று பேரும் அவையில் இருந்தார்கள். இதற்கெல்லாம் மேல் டெல்லி அனுப்பும் துணைநிலை ஆளுநர். எங்கள் தொகுதிக் கதையையும் சொன்னேன். 2016இல் ஜெயித்த எங்கள் எம்.எல்.ஏ. 2020 ஜூலையில் கட்சித் தாவல் தடைச் சட்டப்படி பதவி இழந்தார். அடுத்த தேர்தல் 2021 ஏப்ரலில். இடையில் கொரோனா காலம். அந்த மாதங்களில் பாகூருக்கு எம்.எல்.ஏ.வும் இல்லை, பஞ்சாயத்துத் தலைவரும் இல்லை, வார்டு மெம்பரும் இல்லை. ஊரில் மக்கள் ஓட்டுப் போட்டு உட்கார்ந்தவர் என்று ஒருவரும் கிடையாது.

அங்கேதான் கேள்வி வந்தது. கேட்டவன் நேபாளத்துப் பையன். கீழ்ப்படி எங்கே என்றான்.

சட்டத்தில் இருக்கிறது. 73ஆவது அரசியல் சட்டத் திருத்தம் 1993 ஏப்ரல் 24 முதல் நடைமுறையில் இருக்கிறது. ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை, பழைய மன்றத்தின் காலம் முடிவதற்குள் பஞ்சாயத்துத் தேர்தலை நடத்தி முடித்தாக வேண்டும் என்று அதில் எழுதியிருக்கிறது. யூனியன் பிரதேசத்துக்கும் அது பொருந்தும். எங்கள் ஏற்பாட்டில் இரண்டு அடுக்கு: கீழே கிராமப் பஞ்சாயத்து, மேலே கொம்யூன் பஞ்சாயத்து. கிராமத்து வாக்காளர் ஒவ்வொருவருக்கும் மூன்று ஓட்டு. வார்டு மெம்பருக்கு ஒன்று, கிராமப் பஞ்சாயத்துத் தலைவருக்கு ஒன்று, கொம்யூன் பஞ்சாயத்து உறுப்பினருக்கு ஒன்று. கொம்யூனின் தலைவரை அந்த உறுப்பினர்கள் கூடித் தேர்ந்தெடுப்பார்கள். தேர்தலை நடத்துவது டெல்லித் தேர்தல் ஆணையம் அல்ல, இங்கே தனியாக உள்ள மாநிலத் தேர்தல் ஆணையம். இப்படி வகுப்பில் சொல்வதுபோல் சொல்லி முடித்துவிட்டு, 2006இல் ஒரு தடவை போட்டோம், அதற்கு முன்னால் 1968இல் என் அப்பா போட்டார் என்றேன்.

பையன் தன் ஊர்க் கதையைச் சொன்னான். நேபாளத்தில் 1997க்குப் பிறகு இருபது ஆண்டுகள் உள்ளூர்த் தேர்தல் நடக்கவில்லை. மாவோயிஸ்ட் போர், மன்னராட்சி ஒழிப்பு, புது அரசியல் சட்டம் எழுதும் இழுபறி எல்லாம் அந்த இருபது ஆண்டுகளில் நாட்டை உலுக்கின. 2017இல் நடத்தினார்கள், 2022இல் மறுபடி நடத்தினார்கள். 753 உள்ளூர் மன்றங்கள். ஒவ்வொரு வார்டிலும் ஒரு தலித் பெண் உறுப்பினர் கட்டாயம். போர் நடந்த நாடு அது. இங்கே போரும் இல்லை, புரட்சியும் இல்லை. எம்.பி. தேர்தலையும் எம்.எல்.ஏ. தேர்தலையும் ஒரு நாள் பிசகாமல் நடத்துகிற இடம். பூட்டானில் கட்சிச் சார்பு இல்லாமல் ‘கெவோக்’ என்னும் ஒவ்வொரு கிராமத் தொகுப்புக்கும் ‘குப்’ என்ற தலைவரைத் தேர்ந்தெடுக்கிறார்கள். நாடாளுமன்றத் தேர்தலையே 2008இல்தான் பார்த்த நாடு அது.

யாழ்ப்பாணத்துப் பெண் அதுவரை பேசவில்லை. “ரீச்சர், அம்மாவையள் 2018இல பிரதேச சபைக்கு வோட் போட்டவை. எனக்கு முதல் சந்தர்ப்பம் போன வருசம் வந்திருக்க வேணும். காசில்லை எண்டு தள்ளிப்போட்டிட்டினம்” என்றாள்.

“உங்களுக்கு ஒரு வருஷம். எங்களுக்குப் பதிமூணு வருஷம்மா” என்றேன். அவள் என்னைச் சமாதானப்படுத்துவதுபோல் கையைப் பிடித்துக்கொண்டாள்.

பிறகு நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். 2024 ஆகஸ்டில் இலங்கை உச்ச நீதிமன்றம், உள்ளூராட்சித் தேர்தலை நடத்தாமல் விட்டது வாக்காளரின் அடிப்படை உரிமையை மீறிய செயல் என்று தீர்ப்புச் சொன்னது. 2025 மே 6இல் தேர்தல் நடந்தது. மறுநாள் அவளிடமிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு வரி வந்தது: “ரீச்சர், நாங்கள் வோட் போட்டிட்டம். உங்கட ஊரில எப்ப?” பொருளாதாரம் நொறுங்கி, பெட்ரோலுக்கு நாள்கணக்கில் வரிசையில் நின்ற நாடு. அவளுக்கு எழுதப் பதில் என்னிடம் இல்லை.

வெளிநாட்டினர் வந்தால் உத்திரமேரூர்க் கல்வெட்டைக் காட்டி, ஆயிரம் ஆண்டுக்கு முன்பே குடவோலை கண்டவர்கள் நாங்கள் என்று சொல்வது நம் வழக்கம். பாகூருக்கும் சொல்லிக்கொள்ளப் பழம்பெருமை உண்டு. மூலநாதர் கோயில் கல்வெட்டுகள் உண்டு, இங்கிருந்த கல்விச்சாலைக்குப் பல்லவன் நிருபதுங்கன் காலத்தில் மூன்று ஊரைத் தானமாகக் கொடுத்த செப்பேடு உண்டு. ஆனால் நான் அந்தப் பிள்ளைகளுக்குக் காட்ட நினைத்தது அவ்வளவு பழையது அல்ல. கீழூருக்கு அழைத்துப்போனேன்.

பிரெஞ்சு அரசு 1880 மார்ச் 12ஆம் தேதி ஆணை போட்டு இங்கே கொம்யூன்களை ஏற்படுத்தியது. பாகூர், வில்லியனூர் எல்லாம் அப்போதே கொம்யூன்கள். தேர்ந்தெடுக்கப்பட்ட கவுன்சில், அதற்குத் தலைவராக மேர். அந்தக் காலத்துத் தேர்தலை நான் உயர்த்திச் சொல்ல மாட்டேன். வெள்ளையருக்கு ஒரு வாக்காளர் பட்டியல், நம்மவருக்கு வேறு பட்டியல் என்று பிரித்து வைத்திருந்தார்கள். அடிதடியும் கள்ள ஓட்டும் சகஜம். ஆனாலும் மன்றம் என்று ஒன்று இருந்தது. 1954 மார்ச்சில் இந்தியாவோடு சேர வேண்டும் என்று கொம்யூன் மேர்களே தீர்மானம் போட்டார்கள். பக்கத்து நெட்டப்பாக்கம் அந்த மாதக் கடைசியில் பிரெஞ்சுக் கையை விட்டுப் போனது. 1954 அக்டோபர் 18ஆம் தேதி வில்லியனூரை அடுத்த கீழூரில் கூடி ஓட்டுப் போட்டவர்கள் 178 பேர். 170 பேர் இந்தியாவோடு இணையலாம் என்றார்கள், 8 பேர் வேண்டாம் என்றார்கள். யார் அந்த 178 பேர்? பிரதிநிதி சபை உறுப்பினர்களும் கொம்யூன் கவுன்சிலர்களும். புதுச்சேரியை இந்தியாவோடு சேர்த்தது கவுன்சிலர்கள் கை. நவம்பர் 1இல் ஆட்சி கைமாறியது. ஒவ்வோர் ஆண்டும் ஆகஸ்ட் 16இல், சட்டப்படி இணைந்த நாளுக்கு, கீழூர் நினைவிடத்தில் கொடி ஏற்றுகிறோம். அங்கே ஓட்டுப் போட்ட கவுன்சிலரின் நாற்காலி இன்று எந்தக் கொம்யூனிலும் நிரப்பப்படவில்லை. சுதந்திரத்துக்கு முன்னால் நமக்கு இருந்த ஒன்று, இணைந்தபிறகு காணாமல் போனால் அதை எப்படி விளக்குவது?

1968க்குப் பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லலாம். பழைய பிரெஞ்சு முறைக்குப் பதிலாக 1973இல் நகராட்சிச் சட்டமும், கிராம மற்றும் கொம்யூன் பஞ்சாயத்துச் சட்டமும் வந்தன. தேர்தல் வரவில்லை. முப்பத்தெட்டு ஆண்டு கழித்து 2006இல் வந்தது. ஐந்து நகராட்சி, பத்து கொம்யூன், 98 கிராமப் பஞ்சாயத்து. 2011இல் காலம் முடிந்ததும் அதிகாரிகள் கைக்குப் போனது. 2018இல் உச்ச நீதிமன்றம் வார்டு மறுவரையறையை முடித்துத் தேர்தலை நடத்தச் சொன்னது. மாநிலத் தேர்தல் ஆணையராக யாரை நியமிப்பது என்பதிலேயே அன்றைய அரசுக்கும் ஆளுநர் மாளிகைக்கும் மோதல். 2021 அக்டோபருக்கு மூன்று கட்டத் தேர்தல் என்று தேதி அறிவித்தார்கள். வார்டு ஒதுக்கீட்டில் குறை என்று வழக்கு, அறிவிப்பு வாபஸ். நவம்பருக்கு மறு தேதி. பிற்பட்டோருக்கும் பழங்குடியினருக்குமான இட ஒதுக்கீட்டை எடுத்துவிட்டார்கள் என்று மறுபடி வழக்கு, தேர்தல் நின்றது. பிற்பட்டோர் கணக்கெடுக்க ஓய்வு பெற்ற நீதிபதி கே.கே.சசிதரன் தலைமையில் ஆணையம் போட்டார்கள். எங்கள் ஊர்ச் சுவர்களில் அந்த 2021க்கு அடித்த சுண்ணாம்பு உதிர்ந்தே போய்விட்டது.

இட ஒதுக்கீட்டுக்காகத்தானே தாமதம், அது நியாயம்தானே என்று கேட்பவர்கள் உண்டு. பிற்பட்டோருக்கு இட ஒதுக்கீடு வேண்டும் என்பதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை. ஆனால் 2022 மே 10இல் மத்தியப் பிரதேச வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது: கணக்கெடுப்பு முடியவில்லை என்றால் அதற்காகத் தேர்தலை நிறுத்தக் கூடாது, பட்டியல் இனத்தவர், பழங்குடியினர் ஒதுக்கீட்டோடு மற்றவற்றைப் பொதுவாக வைத்து நடத்துங்கள், இது எல்லா மாநிலங்களுக்கும் யூனியன் பிரதேசங்களுக்கும் பொருந்தும் என்று. என்னைக் கேட்டால் ஒதுக்கீட்டோடு நடத்துவதே நல்லது. அதற்குக் கணக்கெடுப்பை முடிக்க வேண்டும். ஓர் ஊரின் கணக்கெடுப்புக்கு ஆண்டுகள் தேவையில்லை. 2025 நவம்பரில் வாக்காளர் பட்டியல் சிறப்புத் திருத்தம் வந்தபோது எங்கள் தெருவில் வீடு வீடாகப் படிவம் வந்தது. யார் இறந்தார், யார் திருமணமாகிப் போனார், யார் வேலைக்குத் திருப்பூர் போனார் என்று சில வாரத்தில் கேட்டுக் குறித்துவிட்டார்கள். அந்த வேலை செய்தவர்களில் என்னைப்போன்ற ஆசிரியர்களும் அங்கன்வாடிப் பெண்களும் உண்டு. மனது வைத்தால் கணக்கெடுக்க ஆள் இருக்கிறது.

தேர்தல் வராததற்கு வழக்கு மட்டும் காரணம் என்று நான் நம்பவில்லை. 2024 கணக்குப்படி தமிழ்நாட்டில் ஒரு சட்டமன்றத் தொகுதியில் சராசரியாக இரண்டரை லட்சம் வாக்காளருக்கு மேல். புதுச்சேரியில் சுமார் 34 ஆயிரம். எம்.எல்.ஏ.வே தெருவிளக்குக்கும் சைடு வாய்க்காலுக்கும் வந்து நிற்கிறார். கல்யாணத்துக்கு வருகிறார், சாவுக்கு வருகிறார். மக்களுக்கும் அது பிடித்திருக்கிறது. இவ்வளவு சின்ன ஊரில் எம்.எல்.ஏ. போதாதா, பஞ்சாயத்து எதற்கு என்று படித்தவர்களே என்னிடம் கேட்டிருக்கிறார்கள். போதாது. வாய்க்காலுக்கு நிற்கும் எம்.எல்.ஏ.வுக்குச் சட்டம் எழுதவும், பட்ஜெட்டில் கேள்வி கேட்கவும் நேரம் எங்கே? அவருக்கு ஓட்டுப் போடாத தெருவின் வாய்க்கால் எப்போது தூர் வாரப்படும்? பஞ்சாயத்துத் தலைவர் என்று ஒருவர் வந்தால் நாளைக்கு அவரே எம்.எல்.ஏ. சீட்டுக் கேட்பார் என்ற பயம் எல்லாக் கட்சியிலும் உண்டு. இந்தக் கட்சி, அந்தக் கட்சி என்று பிரித்துப் பார்க்க வேண்டியதில்லை. 2011க்குப் பிறகு என்.ஆர். காங்கிரசும் ஆண்டது, காங்கிரசும் ஆண்டது.

பெண்களின் நிலைமையைப் பாருங்கள். 2021இல் அமைந்த பேரவையில் முப்பது பேரில் பெண் ஒரே ஒருவர், காரைக்கால் பக்கம் நெடுங்காட்டிலிருந்து. சட்டமன்றத்தில் மூன்றில் ஒரு பங்கு என்ற சட்டம் 2023இல் வந்தும், தொகுதி மறுவரையறை முடியும்வரை காத்திருக்க வேண்டும். பஞ்சாயத்தில் அந்த மூன்றில் ஒரு பங்கு 1993இலிருந்தே கட்டாயம். தேர்தலை நடத்தினாலே போதும், நூற்றுக்கணக்கான பெண்கள் அடுத்த நாளே பதவியில் இருப்பார்கள். என்னிடம் படித்த பெண்கள் சுய உதவிக் குழுவில் லட்சக்கணக்கில் கணக்கு எழுதுகிறார்கள், வங்கி மேலாளரிடம் நேருக்கு நேர் பேசுகிறார்கள். அவர்கள் நிற்பதற்கு ஒரு வார்டு இல்லை.

2024 டிசம்பர் 2ஆம் தேதி நடந்ததைச் சொன்னால் இது ஏட்டுக் கவலை அல்ல என்பது விளங்கும். நவம்பர் 30 இரவில் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. பேய் மழை. அது ஓய்ந்தது என்று மூச்சு விட்டபோது சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு 1.68 லட்சம் கன அடி தண்ணீர் தென்பெண்ணையில் வந்தது. சோரியாங்குப்பம், குருவிநத்தம் என்று ஆற்றங்கரையில் உள்ள ஊர்களுக்குள் தண்ணீர் புகுந்தது. என் சின்னம்மா வீடு அந்தப் பக்கம். விடியும்போது வாசற்படி தெரியவில்லை என்றாள். அரசு ஆட்கள் வந்தார்கள், பள்ளிக்கூடத்தில் தங்க வைத்தார்கள், சோறு வந்தது. குறை சொல்லவில்லை. ஆனால் எந்த வீட்டில் படுத்த படுக்கையாக ஒரு கிழவர் இருக்கிறார், எந்தக் கொட்டகையில் மாடு கட்டிக் கிடக்கிறது, எந்தச் சந்தில் முதலில் தண்ணீர் ஏறும் என்பது வெளியிலிருந்து வருகிறவருக்கு எப்படித் தெரியும்? அன்று சின்னம்மாவைத் தூக்கிக்கொண்டு வந்தவர்கள் தெருப் பையன்கள். அவர்கள் ஒரு வாட்ஸ்அப் குழு வைத்துக்கொண்டு ஒரு வீட்டையும் விடாமல் கேட்டார்கள். அதில் ஒருவன் வார்டு மெம்பராக இருந்திருந்தால், அணை திறக்கும் செய்தி அதிகாரியிடமிருந்து நேராக அவன் போனுக்கு வந்திருக்க வேண்டும். வெள்ளம் வடிந்தபிறகு, நிவாரணப் பட்டியலில் விடுபட்ட பெயரைக் கேட்க ஒரு வாசல் இருந்திருக்கும். அடுத்த மழைக்குள் கரையைப் பலப்படுத்தச் சொல்லித் தீர்மானம் போட ஒரு மன்றம் இருந்திருக்கும்.

ஆற்றின் தென்கரையில் கடலூர் மாவட்டம். அங்கே 2019 டிசம்பரில் ஊராட்சித் தேர்தல் நடந்தது. ஒவ்வொருவர் கையிலும் நாலு நிறத்தில் நாலு வாக்குச்சீட்டு: ஊராட்சி வார்டுக்கு, தலைவருக்கு, ஒன்றியத்துக்கு, மாவட்டத்துக்கு. கிராம சபை கூடினால் நம்ம ஊர்க்காரர்கள் சொந்தக்காரர் வீட்டுத் திண்ணையிலிருந்து வேடிக்கை பார்ப்பார்கள். அங்கே தேர்ந்தெடுக்கப்பட்டவர்களின் பதவிக்காலமும் 2025 ஜனவரியில் முடிந்து தனி அலுவலர் கைக்குப் போயிருக்கிறது. அக்கரை மக்களும் விழிப்பாக இருக்க வேண்டும். ஒரு தடவை தள்ளிப்போடப் பழகினால் அது எங்கே போய் நிற்கும் என்பதற்கு நாங்களே சாட்சி.

2021இல் அமைந்த பேரவையின் ஐந்தாண்டு முடிகிறது. சட்டமன்றத் தேர்தலுக்கு மெஷின் வரும், மை வரும், துணை ராணுவம் வரும், எல்லாம் குறித்த நாளில் நடக்கும். எல்லாக் கட்சி அறிக்கையிலும் உள்ளாட்சித் தேர்தல் நடத்துவோம் என்று ஒரு வரி இருக்கும். அந்த வரியோடு மூன்று விவரம் சேர்த்துக் கேட்க வேண்டும் என்பது என் கோரிக்கை. பிற்பட்டோர் கணக்கெடுப்பை எந்த மாதத்துக்குள் முடிப்பீர்கள்? முடியாவிட்டால் 2022 தீர்ப்பின்படி நடத்துவீர்களா? புது ஆட்சி வந்து ஆறு மாதத்துக்குள் வேட்புமனு வாங்கத் தயாரா? பாகூர் கடைத்தெருவுக்கு ஓட்டுக் கேட்டு வரும் ஒவ்வொரு வேட்பாளரிடமும் இந்த மூன்றையும் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கேட்போம். நாங்கள் சில ஓய்வு பெற்ற ஆசிரியர்களும், ஆற்றங்கரைப் பையன்களும், குழுப் பெண்களும் அதற்கான தாளைத் தயார் செய்து வைத்திருக்கிறோம். வில்லியனூர், நெட்டப்பாக்கம், அரியாங்குப்பம், மண்ணாடிப்பட்டு கொம்யூன்களில் உள்ளவர்களும் இதைச் செய்யலாம். தாள் வேண்டுமென்றால் நகல் தருகிறோம்.